மேரி மலன் (1869 – 1938): நோயில்லாத நோய்க்காவி

மாணவர்களே, நுண்ணங்கிகள் பற்றிய அலகில் நீங்கள் பாடமாக்கும் பெயர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். லூயி பாஸ்டர், ரொபேர்ட் கொக், எட்வேர்ட் ஜென்னர், அலெக்சாண்டர் பிளெமிங் என்று அந்த வரிசை நீளும். இங்கே நீங்கள் படிக்கப்போவது எதையும் கண்டுபிடிக்காத ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு. அவருடைய குடலிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். அவர் விஞ்ஞானியும் அல்லர், தலைவியும் அல்லர். பணக்கார வீடுகளில் சம்பளத்துக்குச் சமைத்த ஓர் ஏழைப் பெண். ஆயினும் நோய்க்காவி என்ற சொல்லை விளக்கவேண்டி வரும்போதெல்லாம் உலகெங்கும் மருத்துவ நூல்கள் அவருடைய பெயரையே எடுத்துக் காட்டுகின்றன.

மேரி மலன் 1869 செப்டெம்பர் 23 ஆம் திகதி அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள தைரோன் மாவட்டத்தில் குக்ஸ்ரவுண் என்ற ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அயர்லாந்தில் வறுமை மிகுதி. 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின் பின்னர் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தனர். மேரியும் பதினைந்து வயதளவில், 1880களின் முற்பகுதியில், நியூயோர்க் நகரை அடைந்தார். அங்கு வந்த ஐரிஷ் பெண்பிள்ளைகள் பலருக்குக் கிடைத்த தொழில் வீட்டு வேலைதான். துணி துவைத்தல், தரை துடைத்தல், பிள்ளை பார்த்தல் எல்லாவற்றிலும் உயர்ந்த படியில் இருந்தது சமையல். சமையற்காரிக்குச் சம்பளமும் கூட, வீட்டில் மதிப்பும் கூட. மேரிக்குச் சமையல் நன்றாகக் கைவந்தது. நல்ல குடும்பங்கள் அவரை விரும்பி அமர்த்தின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்த பெரிய பிழையை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

ஒய்ஸ்டர் பே வீட்டில் நடந்தது

1906 ஆம் ஆண்டு கோடைகாலம். நியூயோர்க்கைச் சேர்ந்த சார்ள்ஸ் வொரன் என்ற வங்கியாளர் லோங் ஐலண்ட் தீவின் ஒய்ஸ்டர் பே என்ற கடற்கரையூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தம் குடும்பத்துடன் விடுமுறையைக் கழித்தார். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் வீடும் அந்த ஊரில்தான் இருந்தது என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஓகஸ்ட் 4 ஆம் திகதி மேரி அங்கு சமையற்காரியாக வேலைக்குச் சேர்ந்தார். ஓகஸ்ட் 27 ஆம் திகதி அவ்வீட்டு மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரத்துக்குள் மேலும் ஐவர் படுக்கையில் விழுந்தனர். அந்த வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு நெருப்புக் காய்ச்சல்.

தைபோயிட் என்று மருத்துவர்கள் சொல்லும் நோயையே நாம் நெருப்புக் காய்ச்சல் என்கிறோம். சல்மொனெல்லா தைபி என்ற பற்றீரியா இதனை ஏற்படுத்துகின்றது. நோயாளியின் மலத்துடன் வெளியேறும் பற்றீரியா நீர், உணவு, கழுவாத கை, ஈ ஆகியவற்றின் வழியாக இன்னொருவரின் வாய்க்குள் போய்ச் சேர்கின்றது. வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், வயிற்று நோவு, தலையிடி, கடுமையான களைப்பு என்பன இதன் அறிகுறிகள். நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் இல்லாத அந்நாட்களில் இந்நோய் கண்ட 10 பேரில் ஒருவர் அளவில் இறந்துபோயினர். மற்ற ஒன்பது பேரும் வாரக்கணக்காகப் படுத்தே எழுந்தனர்.

நெருப்புக் காய்ச்சல் சேரிகளுக்கும் குப்பங்களுக்கும் உரிய நோய் என்பதே அன்றைய எண்ணம். ஆகையால் வசதியான ஒய்ஸ்டர் பேயில் அது வந்தது ஊரையே திகைக்கவைத்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு வேறு கவலை. நோய் வந்த வீட்டை அடுத்த வருடம் யார் வாடகைக்கு எடுப்பார்கள்? எனவே அவர் ஜோர்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியியலாளரை வரவழைத்துக் காரணத்தைத் தேடச் சொன்னார். நோயாளிகளின் மேலுள்ள இரக்கத்தால் அல்ல, வாடகைக்காகத்தான் இந்த விசாரணை தொடங்கிற்று என்பது சற்றுக் கசப்பான உண்மை.

சோப்பர் முதலில் நீரைச் சந்தேகித்தார், பின்னர் பாலை. கடற்கரையில் வாங்கி உண்ட மட்டியைச் சந்தேகித்தார். ஆனால் நோய் கண்ட எல்லோரும் மட்டி உண்டிருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபின் அவர் ஆட்களின் பக்கம் திரும்பினார். கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நோயரும்பு காலம் எனப்படும். நெருப்புக் காய்ச்சலுக்கு அது ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரங்கள். முதலாவது நோயாளி படுத்தது ஓகஸ்ட் 27 என்றால், கிருமி வீட்டுக்குள் வந்தது ஓகஸ்ட் முற்பகுதியிலிருந்துதான். அந்த நாட்களில் வீட்டுக்குப் புதிதாக வந்தவர் யார்? சமையற்காரி. நோய் பரவிய சில வாரங்களில் அவர் வேலையை விட்டுப் போயும் விட்டார்.

சமைத்த உணவில் கிருமி எப்படித் தப்பும் என்று நீங்கள் கேட்கவேண்டும். நல்ல கேள்விதான். நன்றாகக் கொதித்த உணவில் இந்தப் பற்றீரியா உயிருடன் இருக்காது. ஆனால் மேரி செய்து கொடுத்த ஒரு பண்டம் எல்லோருக்கும் பிடித்திருந்தது: பச்சைப் பீச் பழங்களை வெட்டிப் போட்ட ஐஸ்கிரீம். பழத்தை வெட்டிய கைக்கும் உண்டவர் வாய்க்கும் இடையில் நெருப்பே இல்லை. குளிர் இந்தக் கிருமியைக் கொல்வதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோப்பர் வேலை பெற்றுக்கொடுக்கும் முகவர்களிடம் விசாரித்து மேரி முன்னர் வேலை செய்த வீடுகளைத் தேடிப் போனார். 1900 முதல் அவர் சமைத்த எட்டுக் குடும்பங்களில் ஏழில் நெருப்புக் காய்ச்சல் வந்திருந்தது. 1902 இல் மெயின் மாநிலத்தில் ஒரு வீட்டில் 9 பேரில் 7 பேர் படுத்தனர். அங்கு மேரி ஓடி ஓடி நோயாளிகளைப் பராமரித்ததை மெச்சி வீட்டுத் தலைவர் அவருக்கு 50 டொலர் அன்பளிப்புக் கொடுத்தார். நோயைக் கொண்டுவந்தவர் அவரே என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

மலமாதிரி கேட்டு வந்த மனிதர்

1907 மார்ச் மாதத்தில் சோப்பர் மேரியை நியூயோர்க் நகரின் பார்க் அவென்யூ வீதியில் ஒரு வீட்டுச் சமையலறையில் கண்டுபிடித்தார். அந்த வீட்டிலும் சலவைக்காரப் பெண் ஒருவருக்கு நோய். வீட்டுக்காரரின் மகள் இறந்துபோனார். சோப்பர் மேரியிடம் நேரே போய், அவர் நோய் பரப்புவதாகத் தாம் சந்தேகிப்பதாகவும், அவருடைய மலம், சிறுநீர், குருதி ஆகியவற்றின் மாதிரிகள் தேவை என்றும் கூறினார்.

வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடியுங்கள். பிறகு மேரியின் இடத்தில் நின்று பாருங்கள். வாழ்நாளில் காய்ச்சலென்று படுத்த ஞாபகம் இல்லாத, உடல் வலிமையுள்ள 37 வயதுப் பெண். முன்பின் அறியாத ஆண் ஒருவர், வைத்தியரும் அல்லர், வேலைசெய்யும் இடத்துக்கே வந்து, நீ ஆட்களைக் கொல்கிறாய், உன் மலத்தைக் கொடு என்கிற பொருள்படப் பேசுகிறார். மேரி இறைச்சி வெட்டும்போது பயன்படும் பெரிய முள்ளுக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். சோப்பர் ஓடித் தப்பினார். இரண்டாம் முறை ஒரு வைத்தியரையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போதும் திட்டு வாங்கித் திரும்பினார். சோப்பர் திறமையான துப்பறிவாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மனிதரோடு பேசத் தெரிந்தவர் என்று சொல்லமுடியாது. அவர் அன்று பேசிய விதமே பின்னர் நடந்தவற்றில் பாதிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து நகரச் சுகாதாரத் திணைக்களம் ஜோசபின் பேக்கர் என்ற பெண் வைத்தியரை அனுப்பியது. பேக்கரின் தந்தையார் நெருப்புக் காய்ச்சலால் இறந்தவர். மேரி அவருக்கும் இணங்கவில்லை. மறுநாள் பேக்கர் பொலிசாருடனும் அம்புலன்ஸ் வண்டியுடனும் வந்தார். மேரி மறைந்துகொண்டார். மணிக்கணக்காகத் தேடிய பின், பக்கத்து வீட்டின் சிறு கதவொன்றில் சிக்கியிருந்த ஆடையின் ஓரம் அவரைக் காட்டிக்கொடுத்தது. கத்தி உதைத்துப் போராடியவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினர். வைத்தியசாலை வரும்வரை பேக்கர் அவர்மேல் உட்கார்ந்தே போகவேண்டியிருந்ததாம்.

வில்லார்ட் பார்க்கர் வைத்தியசாலையில் மேரியின் மலம் பரிசோதிக்கப்பட்டது. அதில் நெருப்புக் காய்ச்சல் பற்றீரியா ஏராளமாக இருந்தது.

குடலுக்குள் கிருமியைத் தேடுவது எப்படி?

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். சுகமாயிருக்கும் எல்லோருடைய குடலிலும் கோடானுகோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. சமிபாட்டுக்கும் விற்றமின்கள் சில உண்டாவதற்கும் உதவுபவை. 1885 இல் தியோடர் எஷெரிக் என்ற வைத்தியர் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த பற்றீரியா அவருடைய பெயராலேயே எஷெரிக்கியா கோலை எனப்படுகின்றது. அதன் பெரும்பாலான வகைகள் நமக்குக் கெடுதி செய்வதில்லை. நெருப்புக் காய்ச்சல் பற்றீரியாவை எபேர்த் 1880 இல் நுணுக்குக்காட்டியில் கண்டார்; காஃப்கி 1884 இல் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒரே கோல் வடிவம். பார்த்துப் பிரிக்கமுடியாது. சுளகில் கல் பொறுக்கும்போது கல்லும் அரிசியும் ஒரே நிறமாயிருந்தால் என்ன பாடோ, அந்தப் பாடு.

வழி வேறு பக்கமாக வந்தது. கோலை பற்றீரியா லக்ரோசு என்ற பால் வெல்லத்தை நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்கும். நெருப்புக் காய்ச்சல் பற்றீரியா லக்ரோசைத் தொடாது. பாசிச்சாயத்தாள் அமிலத்தில் சிவக்கும் என்று நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள் அல்லவா? 1902 இல் ஜேர்மனியில் திரிகால்ஸ்கி, கொன்ராடி என்னும் இருவர் ஏகார் ஊடகத்தில் லக்ரோசையும் பாசிச்சாயத்தையும் சேர்த்து, அதன்மேல் மலமாதிரியைத் தடவி வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தனர். கோலை வளர்ந்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள். நெருப்புக் காய்ச்சல் பற்றீரியா வளர்ந்த இடத்தில் நீலப் புள்ளிகள். நீலப் புள்ளியைத் தொட்டெடுத்து, அந்த நோய்க்கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உள்ள நீர்ப்பாயத்துடன் கலந்தால் கிருமிகள் திரண்டு ஒட்டிக்கொள்ளும். அத்துடன் ஐயம் தீரும். இன்றைய ஆய்வுகூடங்களில் ஊடகங்கள் மாறியிருக்கின்றன, நிறங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் லக்ரோசை வைத்துப் பிரிக்கும் உபாயம் இன்றும் மல வளர்ப்புச் சோதனையின் முதற்படியாக இருக்கின்றது.

இந்த வளர்ப்பு முறை கைக்கு வந்த காலத்தில்தான் ரொபேர்ட் கொக், நோய் மாறியவர்களும் நோயே அறியாதவர்களும்கூடக் கிருமியைச் சுமந்து திரிந்து பரப்பக்கூடும் என்று ஜேர்மனியில் எடுத்துக்காட்டினார். சோப்பரின் சந்தேகத்துக்கு அடிப்படை இதுவே. அமெரிக்காவில் இவ்வாறு தேடிப் பிடித்து உறுதிசெய்யப்பட்ட முதலாவது சுகதேகி நோய்க்காவி மேரி மலன் ஆவார்.

நோய் மாறிய பிறகு கிருமி எங்கே ஒளிகின்றது? பெரும்பாலும் பித்தப்பையில். அங்கு பித்தக்கற்கள் இருந்தால் அவற்றின்மேல் படிந்து வருடக்கணக்கில் வாழும். பித்தம் குடலுக்குள் வடியும்போது கிருமியும் சேர்ந்து வடியும். நெருப்புக் காய்ச்சல் வந்து மாறியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர்வரை இப்படி ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிருமியை வெளியேற்றுகின்றனர். இத்தகையோரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மேரிக்கும் எப்போதோ மெல்லிய காய்ச்சலாக வந்து தெரியாமலே போயிருக்கவேண்டும்.

பித்தம் வடியும்போதெல்லாம் கிருமி ஒரே அளவாக வருவதில்லை. சில நாட்கள் ஏராளம், சில வாரங்கள் ஒன்றுமில்லை. 1907 மார்ச்சிலிருந்து 1909 ஜூன்வரை மேரியிடமிருந்து எடுத்த 163 மலமாதிரிகளில் 120 இல் கிருமி இருந்தது. 43 இல் இல்லை. கணக்குப் பார்த்தால் நான்கில் ஒரு தடவை சோதனை அவரைச் சுத்தமானவர் என்றே காட்டியிருக்கின்றது. அந்த ஒரு தாளை மட்டும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இதனால்தான் இப்படிப்பட்ட சோதனைகளில் ஒரு மாதிரியோடு திருப்தியடையாமல், இடைவெளிவிட்டுப் பல மாதிரிகள் கேட்கிறார்கள். கிருமி காணப்படவில்லை என்ற முடிவும் கிருமி இல்லை என்ற முடிவும் ஒன்றல்ல. பல்தேர்வு வினாக்களில் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

தீவில் தனியே

நியூயோர்க் நகரை ஊடறுத்துப் போகும் கிழக்கு ஆற்றில் நோர்த் பிரதர் என்றொரு சிறு தீவு உண்டு. அம்மை, கசநோய் முதலிய தொற்றுநோயாளிகளுக்கான ரிவர்சைட் வைத்தியசாலை அங்கு இருந்தது. மேரியை அங்கு கொண்டுபோய் ஒரு சிறு குடிலில் குடியிருத்தினர். துணைக்கு ஒரு சிறிய நாய். அவர் மேல் வழக்கு இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. எப்போது விடுவோம் என்ற தவணையும் இல்லை. நகரச் சாசனத்தின் 1169, 1170 ஆம் பிரிவுகள் தொற்றுநோயாளரை அகற்றி வைக்கச் சுகாதாரச் சபைக்கு அதிகாரம் கொடுத்தன. அந்தப் பிரிவுகளை எழுதியவர்கள் மனதில் இருந்தது படுக்கையில் கிடக்கும் நோயாளி. நடந்து திரியும் சுகதேகியை அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

வைத்தியர்கள் அவருக்கு மாறி மாறி மருந்துகள் கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. பித்தப்பையை வெட்டி எடுக்கலாம் என்றனர். அக்காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான சத்திரசிகிச்சை. தமக்கு நோயே இல்லை என்று நம்பியவர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்? மறுத்துவிட்டார். நண்பர் ஒருவர் மூலம் தம் மலமாதிரிகளைத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு இரகசியமாக அனுப்பினார். அங்கிருந்து வந்த முடிவுகள் கிருமி இல்லை என்றன. ஒரு பக்கம் அரசாங்க ஆய்வுகூடம் உண்டென்கிறது, மறுபக்கம் தாம் காசு கொடுத்துச் செய்த சோதனை இல்லையென்கிறது. எது அவருக்கு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிருமி விட்டுவிட்டு வெளியேறும் என்பதை யாராவது அவருக்கு ஆறுதலாக உட்கார்ந்து விளக்கினார்களா என்றால், அப்படித் தெரியவில்லை.

1909 ஜூன் மாதம் ஒரு பத்திரிகை மேரியின் கதையைப் பெரிதாக வெளியிட்டது. முட்டை உடைத்து ஊற்றுவதுபோல் மண்டையோடுகளைத் தாச்சியில் போடும் பெண்ணாக அவரைப் படமாக வரைந்திருந்தார்கள். தைபோயிட் மேரி என்ற பட்டப்பெயர் ஊரெல்லாம் பரவியது அதன் பின்னர்தான். அவருடைய சட்டத்தரணி ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். காரணமின்றித் தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும்படி கேட்கும் மனுவே ஆட்கொணர்வு மனு. குடியியற் கல்வியில் நீங்கள் படிக்கும் அதே மனுதான். குற்றம் எதுவும் செய்யாத தம்மைக் குற்றவாளிபோல் அடைத்து வைப்பது எந்த நியாயம் என்பது மேரியின் வாதம். நீதிமன்றம் அவர்மேல் இரங்கினாலும் விடுவிக்க மறுத்தது. சமூகத்தின் பாதுகாப்பு முந்தியது என்றது.

2020 ஆம் ஆண்டில் கொவிட் தொற்றின்போது தனிமைப்படுத்தல் என்ற சொல்லை இந்த நாட்டில் சிறு பிள்ளைகளும் அறிந்துகொண்டார்கள். அந்தத் தனிமைக்கு நாட்கணக்கு இருந்தது. அதுவே எவ்வளவு நீளமாகத் தோன்றியது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேரிக்குக் கணக்கே இல்லை.

வாக்குறுதியும் மீறலும்

1910 பெப்ரவரியில் புதிதாகப் பதவிக்கு வந்த சுகாதார ஆணையாளர் ஏர்ன்ஸ்ட் லெடர்லி மேரியை விடுவித்தார். இனிச் சமையல் தொழில் செய்வதில்லை, குறித்த தவணைகளில் சுகாதாரத் திணைக்களத்துக்கு வந்து தம்மைக் காட்டுவது என்ற நிபந்தனைகளுக்கு மேரி உடன்பட்டுக் கையெழுத்திட்டார். லெடர்லி அவருக்குச் சலவை வேலை தேடிக் கொடுத்தார். ஆனால் சலவைக் கூலி சமையற் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. கைத்தொழில் தெரிந்த ஒருவரிடம் அதைப் பறித்துவிட்டு, அதற்கு ஈடாக வேறெந்தத் தொழிலையும் பயிற்றாமல், கொடுப்பனவும் வழங்காமல் தெருவில் விட்டால் அவர் என்ன செய்வார்? மேரி சில காலம் வாக்கைக் காத்தார். பின்னர் அதிகாரிகளின் கண்ணிலிருந்து மறைந்து, வேறு பெயர்களில் மீண்டும் சமைக்கத் தொடங்கினார்.

1915 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நியூயோர்க்கின் சுலோன் மகப்பேற்று வைத்தியசாலையில் 25 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. பெரும்பாலானோர் வைத்தியர்களும் தாதியரும் பணியாளரும். இருவர் இறந்தனர். சமையலறையில் மிஸிஸ் பிரவுண் என்ற பெயரில் ஒரு சமையற்காரி இருந்தார். வைத்தியசாலையினர் சோப்பரை அழைத்துக் கையெழுத்தைக் காட்டினர். அது மேரியின் கையெழுத்து.

இங்கே நாம் நேர்மையாக இருக்கவேண்டும். 1907 இல் மேரிக்கு எதுவும் தெரியாது. அவர்மேல் பழிசொல்ல இடமில்லை. 1915 இல் அப்படிச் சொல்லமுடியாது. நம்பினாரோ இல்லையோ, தம்மைப்பற்றி வைத்தியர்கள் சொன்னது அவருக்குத் தெரியும். கையெழுத்திட்ட வாக்குறுதி இருந்தது. பெயரை மாற்றிக்கொண்டதே அவருக்கு அது தெரியும் என்பதற்குச் சாட்சி. அதுவும் போய்ச் சேர்ந்தது எங்கே? பிள்ளை பெற்ற தாய்மாரும் பச்சிளங் குழந்தைகளும் படுத்திருக்கும் இடத்தில். இறந்த இருவருக்கும் ஒரு வீடும் வாழ்வும் இருந்திருக்கும். மேரிக்காக இரங்கும்போது அவர்களை மறப்பது நியாயமல்ல.

ஆனால் மறுபக்கக் கணக்கும் உண்டு. மேரியால் நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 50 பேர் என்றும், இறந்தவர்கள் உறுதியாகத் தெரிந்தவரை 3 பேர் என்றும் கணிக்கப்பட்டுள்ளது. அவருடைய காலத்திலேயே இன்னொரு நோய்க்காவியால் 122 பேருக்கு நோய் வந்து 5 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர் ஓர் ஆண். அவரை இரு வாரங்களே தனிமைப்படுத்தினர். உணவகமும் பேக்கரியும் நடத்திய வேறொருவர் தடையை மீறி உணவு தயாரித்து 1924 இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, தொலைபேசி மூலம் தொழிலை நடத்துவதாகச் சொல்லி வீட்டுக்குப் போனார். மேரி இறக்கும் காலத்தில் நியூயோர்க் அதிகாரிகளின் பட்டியலில் நூற்றுக்கணக்கான நோய்க்காவிகள் இருந்தனர். ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கப்பட்டவர் மேரி ஒருவரே. பெண், திருமணமாகாதவர், வேற்று நாட்டிலிருந்து வந்தவர், வீட்டு வேலைக்காரி, வாய்த்துடுக்குள்ளவர். இவற்றில் எது எவ்வளவு அவருக்கு எதிராக நின்றது என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் சற்று ஆற அமர யோசிக்கலாம்.

இறுதிக் காலம்

1915 மார்ச்சில் மேரி மீண்டும் நோர்த் பிரதர் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. பழைய குடிலே மீண்டும் வீடாயிற்று. இம்முறை எவரும் அவருக்காகக் குரல் கொடுக்கவில்லை. 1918 இன் பின் பகற்பொழுதில் நகருக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. போனார், ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திரும்பியும் வந்தார். ஓடிப்போகவில்லை.

1925 அளவில் அத்தீவு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. போத்தல்கள் கழுவுவது, பரிசோதனைக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்வது போன்ற உதவி வேலைகள். எந்த ஆய்வுகூடத்தின் பெயரைக் கேட்டாலே முள்ளுக்கரண்டியைத் தூக்கினாரோ, அப்படியொரு ஆய்வுகூடத்திலேயே அவர் விருப்பத்துடன் உழைத்தார். ஆனாலும் தம்மிடம் கிருமி இருந்ததை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதைப்பற்றி அவரிடம் பேசவும் எவரும் துணியவில்லை என்பார்கள்.

1932 டிசெம்பரில் பாரிசவாதம் தாக்கி அவர் படுக்கையில் விழுந்தார். ஆறு வருடங்கள் அதே நிலையில் கிடந்து 1938 நவம்பர் 11 ஆம் திகதி காலமானார். அப்போது வயது 69. இரு தடவைகளையும் சேர்த்து 26 வருடங்கள் அவர் தீவில் கழித்திருந்தார். குளோரம்பெனிக்கோல் என்ற நுண்ணுயிர்கொல்லி நெருப்புக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று 1948 இல் அறியப்பட்டது. நீண்டகால நோய்க்காவிகளைக் கிருமியிலிருந்து விடுவிக்கப் பொருத்தமான மருந்துகள் அதற்கும் பல வருடங்களின் பின்னரே வந்தன. அவற்றை மாதக்கணக்கில்லாமல் வாரக்கணக்கில் உட்கொண்டு, மலச்சோதனை பலமுறை செய்து, இன்று பலர் தம் தொழிலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் புனித லூக்கா தேவாலயத்தில் நடந்த அவருடைய இறுதிப் பூசைக்கு ஒன்பது பேர் வந்தனர். அதே பகுதியிலுள்ள புனித றேமண்ட் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது மேரி மலன் என்ற அவருடைய சொந்தப் பெயர்.